வொலியூம் கட்டளைகளுக்கு எந்த ஆவணத்தை முதலில் திருத்துவது?

செட்டிகுளத்திலிருந்து வவுனியாவுக்குப் போகும் வழியில் பம்பைமடு வருகிறது. வவுனியா பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1991இல் வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே தகவல் தொழில்நுட்பம் படித்து வெளியேறும் ஒரு பிள்ளை நாளைக்குச் செட்டிகுளத்துப் பாடசாலை ஒன்றின் கணினிக் கூடத்தைப் பொறுப்பெடுக்கலாம். புதிய கணினிகள் வாங்கக் காசு இல்லாத இடத்தில், பழைய சேர்வர் ஒன்றில் உபுண்டு போட்டு, கேவிஎம் மூலம் ஐந்தாறு மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டுவது கைக்கெட்டிய வழி. அந்த இயந்திரங்களின் டிஸ்க்குகளை, அதாவது வொலியூம்களை, ஆக்க, பெருப்பிக்க, அழிக்க, மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் லிப்வேர்ட் தரும் கட்டளைதான் ‘விர்ஷ்’.

அந்தக் கட்டளைக்கு ஆவணம் எழுதவோ, இருப்பதைத் திருத்தவோ முன்வருபவருக்காக இதை எழுதுகிறேன். செய்யக்கூடியவை நான்கு: மேன் பக்கத்தைத் திருத்தலாம், ஹெல்ப் உரையைத் திருத்தலாம், சுருக்கமான உதாரணப் பக்கம் எழுதலாம், தமிழில் படிமுறைக் கைநூல் எழுதலாம். நான்கையும் செய்ய ஒருவருக்கும் நேரம் கிடையாது. முதலில் மேன் பக்கம், அடுத்தது தமிழ்க் கைநூல் என்பது என் முடிவு.

மற்றக் கட்டளைகளுக்கு ஆவணம் குறைவாக இருந்தால் நேரம்தான் போகும். வொலியூம் விஷயத்தில் தரவே போய்விடும். மெய்நிகர் இயந்திரத்தை ஒரு பின்னேரத்தில் திரும்ப ஏற்றலாம். பிள்ளைகளின் செயற்றிட்டங்கள் இருந்த டிஸ்க்கை அப்படி மீட்க முடியாது. ஆகவே எந்த வகை ஆவணத்தைத் தேர்ந்தாலும் ஒரே கேள்வியால் அதை அளக்கவேண்டும்: என்டர் தட்டுவதற்கு முந்தின கணத்தில், இது மீளாது என்ற செய்தி வாசிப்பவரின் கண்ணில் படுகிறதா?

இதற்கு நல்ல சோதனை ‘பூல்-டெஸ்ட்ராய்’, ‘பூல்-டிலீட்’ என்ற இரண்டு கட்டளைகள். பெயரைப் பார்த்தால் முதலாவதுதான் பயங்கரம். உண்மையில் அது வொலியூம்கள் இருக்கும் சேமிப்புத் தொகுப்பை (பூல்) நிறுத்துவதோடு சரி. உள்ளிருக்கும் தரவைத் தொடாது. சாதுவாகத் தெரியும் பூல்-டிலீட்தான் தொகுப்பின் வளங்களையே அழிக்கிறது. எல்விஎம் தொகுப்பாக இருந்தால் வொலியூம் குரூப்பையே நீக்கிவிடும். மேன் பக்கத்தில் இரண்டு விளக்கமும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் ஒன்றையொன்று ஒப்பிடாமல் தனித்தனிப் பதிவுகளாக இருப்பதால், ஒன்றை மட்டும் வாசிப்பவருக்கு மற்றது தெரியவராமல் போகலாம். இரண்டுக்கும் நடுவே ஒப்பிட்டு இரண்டு வரி சேர்த்தால் போதும். கட்டளையின் பெயரை இனி மாற்ற முடியாது, எத்தனையோ பேரின் ஸ்கிரிப்டுகள் உடைந்துபோகும். ஆவணத்தால் மட்டுமே தீர்க்கக்கூடிய சிக்கல் இது.

அளவுகளும் அப்படித்தான். வொலியூம் ஆக்கும்போது ‘20ஜி’ என்று கொடுத்தால் 1024இன் அடுக்கில் 21,474,836,480 பைட். ‘20ஜிபி’ என்று கொடுத்தால் 1000இன் அடுக்கில் 20,000,000,000 பைட். ஒரு எழுத்து கூடும்போது ஏறத்தாழ 147 கோடி பைட் குறைகிறது. அலகே போடாமல் விட்டால் பைட்டாகக் கணக்கெடுக்கும்: 20 என்று எழுதியவருக்கு இருபதே பைட்டில் ஒரு டிஸ்க். இந்த விபரம் மேன் பக்கத்தின் தொடக்கத்திலுள்ள குறிப்புகள் பகுதியில் இருக்கிறது. வொலியூம் பகுதி அங்கிருந்து வெகு தூரம். மேலே போய்ப் பார்க்கும்படி ஒரு சுட்டு அங்கே உண்டு. அதோடு நிற்காமல் அலகுடன் கூடிய உதாரணம் ஒன்றையும் அந்த இடத்திலேயே வைப்பது நல்லது.

மேன் பக்கத்தை முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம், அது இயந்திரத்துக்குள்ளேயே இருப்பது. இணையம் விழுந்தாலும் மேன் பக்கம் திறக்கும். யுனிக்ஸின் முதற் கைநூல் 1971 நவம்பர் 3 திகதியிட்டு வந்தது. அதிலேயே பழுதுகளுக்கென்று தனித் தலைப்பு இருந்தது. தம் கருவியின் குறையைத் தம் கைநூலிலேயே எழுதிவைத்த அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். மேன் பக்கத்தில் செய்யும் திருத்தம் ஊர் எல்லையோடு நிற்பதில்லை. பம்பைமடுவில் சேர்த்த இரண்டு வரி, அடுத்த வெளியீட்டோடு உலகம் முழுக்கப் போகும்.

சிரமமும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதவேண்டும். மாற்றத்தைப் பேட்சாக அனுப்பவேண்டும். உங்கள் பெயரில் கையொப்ப வரி இல்லாத பேட்சை லிப்வேர்ட் ஏற்காது. பராமரிப்பவர்கள் திருத்தம் கேட்பார்கள், அதற்குப் பொறுமை வேண்டும். ஒரு பேட்சில் ஒரு விஷயம் மட்டும் இருக்கட்டும். பத்தியை முழுதாகத் திருப்பி எழுதினால் இழுபடும். ஒரு உதாரணமும் ஒரு எச்சரிக்கையும் என்றால் விரைவாகப் பார்த்துவிடுவார்கள்.

ஹெல்ப் உரையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ‘விர்ஷ் ஹெல்ப் வொலியூம்’ என்றால் அந்தக் குழுவின் கட்டளைகள் எல்லாம் ஒரு வரி விளக்கத்தோடு வரும். மறந்த பெயரைத் தேட அது போதும். ஒரு வரிக்குள் எச்சரிக்கையைத் திணிக்க இடம் கிடையாது.

உதாரணப் பக்கங்களில் பெயர் பெற்றது டிஎல்டிஆர் திட்டம். 2013இல் தொடங்கியது. ஒரு பக்கத்துக்கு எட்டு உதாரணத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. தமிழுக்கும் அங்கே தனி அடைவு இருக்கிறது. புதிதாக எழுதிப் பழகுபவருக்கு நல்ல வாசல் இது. ஒரு பக்கத்தை ஒரே இருப்பில் முடிக்கலாம். எனினும் அழிக்கும் கட்டளைகளுக்கு இதை நம்பவேண்டாம் என்பேன். உதாரணத்தை அப்படியே எடுத்து ஒட்டுவதற்கென்றே இந்தப் பக்கங்கள் இருக்கின்றன. பட்டியலிடும், விபரம் காட்டும், புதிதாக ஆக்கும் கட்டளைகளுக்கு எழுதுங்கள்.

தமிழில் எழுதுவதென்றால் எங்கே வாசிக்கப்போகிறார்கள் என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும். சேர்வரின் கறுப்புக் கன்சோல் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 512 எழுத்துருவங்களையே தாங்கும். ஒற்றைக்கொம்பை எழுத்துக்கு முன்னால் நகர்த்தவும் அதற்குத் தெரியாது. லிப்வேர்ட்டின் செய்திகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அந்தத் திரையில் அதை இயக்கினால் வாசிக்கக்கூடிய தமிழ் வராது. எனவே தமிழ்க் கைநூலை டெர்மினலுக்குள் திணிக்காமல் பிடிஎஃப் ஆக்கி, கடதாசியில் அச்சடித்துச் சேர்வருக்குப் பக்கத்தில் வையுங்கள். 2012 முதல் கணியம் இதழும் அதன் மின்னூல்களும் லினக்ஸைத் தமிழில் தெளிவாக எழுதலாம் என்று காட்டியிருக்கின்றன. நடையைப் பழக அவற்றை வாசிக்கலாம்.

கைநூலின் பலம் வரிசை. மேன் பக்கம் ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியே சொல்லும். ஒரு வேலையை முதலிலிருந்து முடிவுவரை சொல்லாது. டிஸ்க்கைப் பெருப்பிப்பதைப் பாருங்கள். இயந்திரத்தை நிறுத்தவேண்டும், ஏனென்றால் ஓடும் இயந்திரத்தின் டிஸ்க்கில் ‘வொல்-ரீசைஸ்’ பாதுகாப்பில்லை. ஓடும்போதே செய்ய ‘புளொக்ரீசைஸ்’ வேறாக இருக்கிறது. நிறுத்தியபின் ‘வொல்-குளோன்’ மூலம் ஒரு பிரதி. பிறகு ரீசைஸ். இங்கே கொடுக்கும் எண் புதிய மொத்த அளவு. 20ஜி டிஸ்க்கோடு 10ஜி கூட்ட நினைத்து 10ஜி என்று மட்டும் கொடுத்தால், சுருக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு கட்டளை மறுத்துவிடும். கூட்டுவதற்கு ‘டெல்ட்டா’ தெரிவு வேண்டும். மறுப்பைக் கண்டு ‘ஷ்ரிங்க்’ தெரிவைச் சேர்த்துவிடாதீர்கள் என்று அந்த இடத்திலேயே தடித்த எழுத்தில் போடுங்கள். கடைசியாக இயந்திரத்தை எழுப்பி உள்ளே போய், முதலில் பார்ட்டிஷனையும் பின்பு கோப்பு முறைமையையும் பெருப்பிக்கவேண்டும். பலர் ரீசைஸோடு நின்றுவிட்டு, இடம் கூடவில்லையே என்று தலையைப் பிய்ப்பது இதனால்தான். இந்த வரிசை முழுதும் ஒரே பக்கத்துக்குள் அடங்கவேண்டும்.

எழுதியதும் அதை இக்கட்டளைகளைப் பழகாத ஒருவரிடம் கொடுத்து, சோதனைக்கென்று ஆக்கிய தனித் தொகுப்பில் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், வாய் திறக்கவேண்டாம். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். அச்சுப் பிரதியின் தலையில் உபுண்டுவின் பதிப்பையும் விர்ஷின் பதிப்பையும் திகதியையும் எழுதுங்கள். சேர்வரைப் புதுப்பிக்கும் அன்றைக்குப் பழைய கடதாசியைக் கழற்றிவிட்டு, எல்லாப் படிகளையும் மறுபடி ஓட்டிப் பார்த்தபின் புதியதை ஒட்டுங்கள்.