ஒரே குடும்பம், ஆளுக்கொரு வீசா

பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு இந்தியா சென்றுவருவது நம் ஊர்களில் வழக்கமான ஒன்று. பயணச்சீட்டையும் செலவையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இணையத்தில் வீசா விண்ணப்பம் நிரப்பும் வேலை மட்டும் படிக்கும் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் அது என் பொறுப்பு. அதில் கற்றவற்றைத் தோழிகளோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, கடவுச்சீட்டு. குடும்பத்துக்கென ஒரே வீசா கிடையாது. இந்திய இணையவழி வீசாவுக்குக் கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டும் தனி விண்ணப்பமும் வேண்டும். இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். 2 வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். பெரியவர்களின் கடவுச்சீட்டுக்கு 10 ஆண்டுகள் உண்டு. 16 வயதுக்குக் குறைந்தோருடையது பொதுவாக 3 ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆகவே தம்பி தங்கையரின் கடவுச்சீட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பெயர். நம் சமூகத்தில் திருமணத்தின் பின்னும் தகப்பன் பெயரோடு இருக்கும் பெண்கள் பலர். பிள்ளைகளோ வாப்பாவின் பெயரைக் கொண்டிருப்பார்கள். ஒரு வீட்டிலேயே முஹம்மத் என்ற பெயர் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக இருக்கும். எது சரியான எழுத்து என்று யோசிக்கக் கூடாது; அவரவர் கடவுச்சீட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிய வேண்டும். உறவை நிரூபிக்கக் கேட்கும் நாடுகளுக்காகப் பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வைப்பது நல்லது.

மூன்றாவது, காலம். இந்தியாவின் 30 நாள் சுற்றுலா வீசாவுக்குப் பயணத்துக்கு 30 நாள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்கலாம். குறைந்தது 4 நாளாவது முந்த வேண்டும். கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்காது.

நான்காவது, நோக்கம். இதுவே மிக முக்கியமானது. எங்கள் பயணத்தில் உம்மம்மாவின் கண் சத்திரசிகிச்சையும் இருந்தது. "எல்லாருக்கும் சுற்றுலா என்றே போடுங்க மகள், வேலை சுருக்கமா முடியும்" என்றார் வாப்பா. சிகிச்சைக்கு மருத்துவ வீசா தனியாக உண்டு என்பதையும், நோயாளி ஒருவரோடு 2 பேர் உதவியாளர் வீசாவில் போகலாம் என்பதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். வாப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு அங்குள்ள வைத்தியசாலைக்கு அழைத்து, வீசாவுக்குத் தேவையான கடிதத்தைக் கேட்டார். உம்மம்மாவுக்கு மருத்துவ வீசா, உம்மாவுக்கும் சாச்சிக்கும் உதவியாளர் வீசா, எஞ்சிய மூவருக்கும் சுற்றுலா வீசா என்று ஆறு விண்ணப்பங்கள் நிரப்பினேன்.

விண்ணப்பத்தின் இறுதியில், தந்த விபரங்கள் அனைத்தும் உண்மை என்ற உறுதிமொழி இருக்கிறது. பொத்தானை அழுத்துவது நம் விரல், பொறுப்பாவது விண்ணப்பதாரி. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத உம்மம்மாவுக்கு ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் தமிழில் சொல்லி, "சரி மகள்" என்று அவர் சொன்ன பிறகே அனுப்பினேன். தோழிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படிச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.