பன்னிரண்டு வோல்ட்டுக்கு எந்த வயர்? எங்க கேம்பிங் ட்ரெய்லர் சொல்லிக் கொடுத்தது

நான் ஈ.ஈ.ஈ. ஃபைனல் இயர். மூணு வருஷமா கிர்ச்சாஃப் விதியெல்லாம் எழுதிட்டு, கடையில போய் ஒரு வயர் வாங்கத் தெரியாம முழிச்ச கதை இது. ஜூனியர்ஸ் யாராவது வண்டியிலோ, சோலார் செட்டப்லயோ கைவைக்கப் போறீங்கன்னா, காசு போடறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க.

மெக்கானிக்கல் பசங்க பழைய இரும்பு ஃபிரேம் மேல ப்ளைவுட் அடிச்சு ஒரு சின்ன கேம்பிங் ட்ரெய்லர் பண்ணாங்க. உள்ளே ரெண்டு பேர் படுக்கலாம். கரண்ட் வேலை என் பொறுப்பு. 100 ஏ.ஹெச். லெட் ஆசிட் பேட்டரி, நாலு எல்.ஈ.டி., ஒரு ஃபேன், மொபைல் சார்ஜர், அப்புறம் ஒரு 60 வாட் டி.சி. ஃப்ரிட்ஜ். பட்ஜெட்ல பெரும்பாலும் பேட்டரிக்கே போயிடுச்சு. அதனால வயர்ல மிச்சம் பிடிக்கலாம்னு, இருக்கறதுலயே விலை குறைவான மெல்லிசு ட்வின் வயரை ஒரு கடையில வாங்கி, எல்லாத்தையும் அதே ஜோடியில மாட்டிட்டேன்.

முதல் ராத்திரியே ஃப்ரிட்ஜ் ஆன் ஆகுது, ஆஃப் ஆகுது, மறுபடி ஆன். பேட்டரி வீக்னுதான் முதல்ல நினைச்சோம். மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா பேட்டரி முனையில 12.4 வோல்ட். ஃப்ரிட்ஜ் முனையில 10.8! நடுவுல காணாம போன 1.6 வோல்ட் வயர்ல சூடா போயிட்டு இருந்திருக்கு. முறுக்கி டேப் சுத்தியிருந்த ஒரு ஜாயிண்ட்ல இன்சுலேஷன் இளகியே போயிருந்தது. அதைச் சுத்தி இருந்தது ப்ளைவுட். ஒரு அடி தள்ளி தலையணை. அன்னிக்கு யாரும் உள்ளே தூங்கல.

வீட்டு வயரிங் கணக்கு இங்கே செல்லாதுங்கறதுதான் நான் கோட்டை விட்ட விஷயம். 60 வாட்டுக்கு 240 வோல்ட்ல கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்ல அதுவே 5 ஆம்பியர். கரண்ட் 20 மடங்கு, அதனால அதே வயர்ல வோல்டேஜ் இழப்பும் 20 மடங்கு. கையில இருக்கற வோல்டேஜோ 20-ல ஒரு பங்கு. சதவீதமா பார்த்தா இழப்பு 400 மடங்கு! வீட்டுல லைட்டுக்குத் தாராளமா போதற வயர் இங்கே திணறறது இதனாலதான்.

கணக்கு சிம்பிள். காப்பர் ஃப்ளெக்சிபிள் வயருக்கு மீட்டருக்கு அதிகபட்ச மில்லி ஓம்: முக்கால் ஸ்கொயர் 26, ஒன்றரை ஸ்கொயர் 13.3, ரெண்டரை ஸ்கொயர் 7.98, நாலு ஸ்கொயர் 4.95. எங்க ஃப்ரிட்ஜ் பேட்டரியிலிருந்து 4 மீட்டர். ஆனா கரண்ட் போய்த் திரும்பி வரணும், அதனால 8 மீட்டர்னு போடணும் (நான் முதல்ல 4-னு போட்டேன், சிரிக்காதீங்க). 5 ஆம்பியருக்கு ஒன்றரை ஸ்கொயர்ல 0.53 வோல்ட் போகும், அதாவது நாலு சதவீதத்துக்கு மேல. ரெண்டரைல 0.32 வோல்ட், மூணு சதவீதத்துக்குள்ள. மூணுக்குள்ள இருந்தா நல்லதுன்னு பொதுவா எடுத்துக்கறாங்க. நாலு ஸ்கொயர் இன்னும் நல்லது, ஆனா எங்களுக்குத் தேவைப்படல.

சரி, முக்கால் ஸ்கொயர் காப்பர்னாலும் ஒரு வோல்ட்தானே போகணும், 1.6 எப்படி? வயர் நுனியை பிளேடால சுரண்டிப் பார்த்தேன். மேல செம்பு நிறம், உள்ளே வெள்ளி. அலுமினியத்துக்கு காப்பர் பூச்சு! காப்பரைவிட ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. போதாததுக்கு அலுமினியம் காத்துல ஆக்சைடு பிடிச்சு ஜாயிண்ட்ல தகராறு பண்ணும். வாங்கும்போதே தூக்கிப் பாருங்க, காப்பர் கனமா இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோட ஐ.எஸ். 694 எண் இருக்கான்னும் பாருங்க.

புதுப்பேட்டையில பழைய கார் வயரிங் செட் மலிவா கிடைக்கும்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னான். போய்ப் பார்த்தோம். இன்சுலேஷன் விறைச்சு வெடிப்பு விட்டிருந்தது, உள்ளே செம்பு கறுத்திருந்தது. வேண்டாம்னு வந்துட்டோம். அப்புறம் எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட கேட்டதுக்கு அவர் சொன்னார்: "தம்பி, எல்லாத்துக்கும் எதுக்குத் தடிமன் வயர்? இழுக்கறவனுக்கு மட்டும் தடிமன் போடு."

அதுதான் உண்மையான சிக்கனம். ஃப்ரிட்ஜுக்குத் தனியா ரெண்டரை ஸ்கொயர். லைட், ஃபேன், சார்ஜர் எல்லாத்துக்கும் ஒன்றரை, எல்.ஈ.டி. எல்லாம் சேர்ந்தே ஒரு ஆம்பியர்தான். 90 மீட்டர் காயில் வாங்காம மீட்டர் கணக்குல வெட்டி வாங்கினோம். வீட்டுக்குப் போடற மல்டி ஸ்ட்ராண்ட் காப்பர் வயரே போதும், ஏன்னா ட்ரெய்லர்ல இன்ஜின் சூடு கிடையாது. ஒத்தைக் கம்பி வயர் மட்டும் வேண்டாம், ஆட்டத்துல முறிஞ்சிடும். முனைக்கு லக் வச்சு கிரிம்ப் பண்ணுங்க. சால்டர் ஓடின இடம் விறைச்சு, அதுக்குப் பக்கத்துல ஒடியும். இரும்பு ஓட்டை வழியா வயர் போற இடத்துல ரப்பர் வளையம் கட்டாயம்.

ஃப்யூஸ்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஃப்யூஸ் காப்பாத்தறது ஃப்ரிட்ஜை இல்ல, வயரை. ஷார்ட் ஆனா அந்த பேட்டரி பல நூறு ஆம்பியர் தள்ளும். அதனால பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள மெயின் ஃப்யூஸ் இருக்கணும். எங்களுக்கு மெயின்ல நீலக் கலர் 15 ஆம்பியர், ஃப்ரிட்ஜுக்கு சிவப்பு 10, லைட் லைனுக்கு 5.

இப்போ பேட்டரியில 12.4, ஃப்ரிட்ஜ்ல 12.1. ராத்திரி முழுக்க ஓடுது. ஆர்.டி.ஓ. பதிவு இல்லாம ரோட்டுல இழுக்க முடியாதுங்கறதால கொல்லிமலை ஆசை இன்னும் ஆசையாவே இருக்கு. வண்டி ஒர்க்‌ஷாப் பின்னாடி வேப்பமரத்தடியிலதான் நிக்குது, டெயில் லேம்ப் வயரிங் பாக்கி. மல்டிமீட்டரோட யாராவது வந்தா சந்தோஷம்.