டாக்டரிடம் உங்கள் வேலையையும் சொல்லுங்கள்

இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்கிறார். சொல்கிறோம். என்ன வேலை செய்கிறீர்கள் என்று பல இடங்களில் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை. கல் வேலை செய்பவர்களுக்கு இது ஆபத்து.

மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா, அலிராஜ்பூர் என்ற மாவட்டங்கள் உள்ளன. அங்கே பில், பிலாலா பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மழையை நம்பிய விவசாயம். மழை பொய்த்தால் பக்கத்து மாநிலமான குஜராத்துக்குக் கூலி வேலைக்குப் போவார்கள். அப்படிப் பலர் கோத்ரா பக்கம் உள்ள கல் ஆலைகளுக்குப் போனார்கள்.

வெங்கச்சங்கல்லை மாவாக அரைப்பதுதான் அங்கே வேலை. அந்த மாவு கண்ணாடி செய்யப் பயன்படும். அதை மூட்டை பிடிக்க வேண்டும். ஆலை முழுதும் புகை போலத் தூசி. சில மாதம் வேலை செய்தவர்களுக்குக்கூட நோய் வந்தது. ஊர் திரும்பி இருமினார்கள், மெலிந்தார்கள். காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். குணமாகவில்லை. இளம் வயதிலேயே பலர் இறந்தார்கள்.

அந்த நோயின் பெயர் சிலிகோசிஸ்.

கல்லில் சிலிகா என்ற பொருள் இருக்கிறது. கல்லை உடைக்கும்போதும் அரைக்கும்போதும் அது தூசியாகப் பறக்கும். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசிதான் எமன். அது தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். தங்கிய இடம் தழும்பாகிக் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட நுரையீரல் விரியாது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது. இந்தத் தழும்பை ஆற்ற மருந்து இல்லை.

வாயில் துண்டு கட்டினால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. துண்டின் இழைக்குள் பொடித் தூசி புகுந்துவிடும். தண்ணீர் விட்டு வேலை செய்தால் தூசி அடங்கும். தூசியை உறிஞ்சும் இயந்திரமும் உண்டு. இவற்றுக்கு ஏற்பாடு செய்வது முதலாளியின் பொறுப்பு.

காசநோய் கிருமியால் வருவது, மற்றவருக்கும் தொற்றும். சிலிகோசிஸ் தூசியால் வருவது, தொற்றாது. ஆனால் பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோயும் எளிதில் வரும். ஆகவே காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, செய்த வேலை ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்ல முடியும்.

சீட்டில் எந்தப் பெயர் எழுதினால் என்ன என்று கேட்கலாம். சிலிகோசிஸ் என்று எழுதினால் அது வேலையால் வந்த நோய். நஷ்டஈடு கேட்க வழி பிறக்கும். கோத்ரா போய் வந்து இறந்தவர்களில் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2010-இல் தேசிய மனித உரிமை ஆணையம் குஜராத் அரசுக்குச் சொன்னது. பணம் வரவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. செத்தவர் வீட்டுக்கு ஆறு வருடக் காத்திருப்பு! ராஜஸ்தானிலும் கல் சுரங்க வேலை அதிகம். அந்த மாநில அரசு 2019-இல் ஒரு திட்டம் வகுத்தது. சிலிகோசிஸ் என்று மருத்துவக் குழு சான்று தந்தால் நோயாளிக்கு 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம்.

எங்கே வேலை செய்தாய் என்று அதிகாரிகள் கேட்பார்கள். வெளியூர்க் கூலிகளிடம் பெரும்பாலும் சம்பளச் சீட்டு இராது. இப்போது நமக்கு எழுதத் தெரியும். ஒரு நோட்டு போடுங்கள். ஆலையின் பெயர், ஊர், அழைத்துப் போன மேஸ்திரியின் பெயர், சேர்ந்த தேதி, நின்ற தேதி, கூட வேலை செய்த இரண்டு பேர் பெயர் எல்லாம் எழுதுங்கள். எக்ஸ்ரே படத்தையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் அந்த நோட்டோடு சேர்த்து வையுங்கள்.