காதுக்குள் பொருத்தும் ஒலிக்கருவிகளும் காதுக் குறும்பியும்

தொலைபேசி வழியே வாடிக்கையாளர்களுடன் உரையாடும் பணியில் இருக்கும் இளைஞர் ஒருவரை அவருடைய தாயார் அண்மையில் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். "இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் இவனுக்குக் கேட்பதே இல்லை, டாக்டர். எந்நேரமும் அந்த இயர்போனை மாட்டிக்கொண்டே இருந்து காது போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது" என்றார். கருவி கொண்டு பார்த்தபோது, இடக்காதின் குழாய் முழுவதையும் கரும்பழுப்பு நிறக் குறும்பி அடைத்திருந்தது. சில நாள் சொட்டு மருந்து இட்டு இளக்கியபின் உறிஞ்சுகுழலால் அதை அகற்றினோம். கேள்திறன் அப்போதே திரும்பியது.

அதே வாரத்தில், "எனக்கும் குறும்பிதான்" என்று எண்ணிக்கொண்டு மற்றொருவர் வந்தார். அவருடைய அனுபவம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியில் கூறுகிறோம். இரண்டையும் சேர்த்து அறிந்துகொள்வது நம் எல்லோருக்கும் பயன் தரும்.

குறும்பி அழுக்கன்று

காதின் துளையிலிருந்து செவிப்பறை வரை செல்லும் குழாய், வயது வந்தவர்களுக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுடையது. அதன் வெளிப்புற மூன்றிலொரு பகுதியில் மட்டுமே குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. அவற்றின் எண்ணெய்ப் பசையும் மெழுகுப் பசையும், உதிர்ந்த தோல் செதில்களோடு கலந்து குறும்பியாகின்றன. இது தூசியையும் சிறு பூச்சிகளையும் உள்ளே போகாமல் தடுக்கிறது. தோல் நீரில் ஊறிப்போகாமல் காக்கிறது. தன் இலேசான அமிலத்தன்மையால் நுண்கிருமிகளின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே, குறும்பி இருப்பது நோயன்று. தேங்கி அடைத்துக்கொள்வதே தொல்லை.

காது தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் உறுப்பாகும். செவிப்பறையின் மீதும் குழாயின் உட்சுவரிலும் உள்ள தோல், நகம் வளர்வது போல மிக மெதுவாக வெளிநோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறும்பியும் அதனோடு வெளியே வருகிறது. நாம் மெல்லும்போதும் பேசும்போதும் ஏற்படும் தாடை அசைவு இதற்குத் துணை செய்கிறது. வாயிலை அடைந்த குறும்பி உலர்ந்து தானே உதிர்ந்துவிடும்.

ஒலிக்கருவி எவ்வாறு தடையாகிறது?

இயர்பட் போன்ற கருவிகளின் இரப்பர் முனை, குறும்பி சுரக்கும் இடத்திலேயே சென்று அமர்கிறது. இதனால் மூன்று விளைவுகள் ஏற்படலாம். முதலாவது, வெளியேறிக்கொண்டிருக்கும் குறும்பிக்கு அது கதவடைப்பாகிறது. இரண்டாவது, கழற்றிக் கழற்றி மாட்டும்போதெல்லாம் வாயிலில் இருக்கும் குறும்பி சிறிது சிறிதாக உள்ளே தள்ளப்படுகிறது. மூன்றாவது, காற்றோட்டமின்றி வியர்வையும் ஈரமும் தங்குவதால் தோல் ஊறி, அரிப்பும் தொற்றும் எளிதில் தோன்றுகின்றன. புழுக்கம் மிகுந்த நம் ஊர்களில் காதில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி காணப்படுவதை நினைவில் கொள்ள வேண்டும். காதுகேள் கருவி அணிவோரிடம் குறும்பித் தேக்கம் மிகுதியாக இருப்பதும் இவ்வகைக் காரணங்களாலேயே.

ஒலிக்கருவி அணியும் எல்லோருக்கும் அடைப்பு ஏற்பட்டுவிடுவதில்லை. இயல்பாகவே குழாய் குறுகியவர்கள், உள்ளே முடி மிகுந்தவர்கள், குறும்பி கெட்டியாக உலரும் முதியவர்கள், நாள்தோறும் பல மணி நேரம் கருவியைக் கழற்றாதவர்கள் ஆகியோருக்கே வாய்ப்பு அதிகம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கும், பெரியவர்களில் இருபதில் ஒருவருக்கும், முதியவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேலும் குறும்பி அடைப்பு காணப்படுகிறது.

அடைப்பின் அறிகுறிகள்

காது அடைத்தது போன்ற உணர்வு, கேள்திறன் குறைதல், இரைச்சல், அரிப்பு, இலேசான வலி ஆகியவை பொதுவானவை. சிலருக்கு வறட்டு இருமல்கூட வரும். காதுக்குழாய்த் தோலுக்கு வரும் நரம்பின் ஒரு கிளை, இருமலோடு தொடர்புடைய நரம்பிலிருந்தே பிரிகிறது. குளித்தவுடன் திடீரென்று காது அடைத்துக்கொள்வதும் உண்டு. முன்னரே தேங்கியிருந்த குறும்பி நீரை உறிஞ்சி ஊதிவிடுவதே அதற்குக் காரணம்.

இங்கு மற்றோர் ஆபத்தும் மறைந்துள்ளது. ஒலி மங்கலாகக் கேட்பதால், பலர் கருவியின் ஒலியளவைக் கூட்டிவிடுகின்றனர். குறும்பியை அகற்றிவிடலாம், பேரொலியால் அழிந்த உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரையிலும், குழந்தைகள் 75 டெசிபல் அளவில் அதே நேரம் வரையிலும் கேட்கலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. ஒலி மங்கினால் முதலில் கருவியின் வலைமுகப்பில் குறும்பி படிந்துள்ளதா என்று பாருங்கள். அது தூய்மையாக இருந்தால் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை

குறும்பியை எடுப்பதற்கென்றே 'குறும்பிவாங்கி' என்னும் சிறு கருவி நம் முன்னோரிடம் இருந்தது. இன்று அதன் இடத்தைப் பட்ஸ், கொண்டை ஊசி, தீக்குச்சி, வண்டிச் சாவி ஆகியவை பிடித்துள்ளன. இவை எதனையும் காதுக்குள் விட வேண்டாம். பட்ஸின் நுனியில் ஒட்டி வருவது சிறிதளவே. எஞ்சியது சுரப்பிகளே இல்லாத உட்பகுதிக்குத் தள்ளப்பட்டுச் செவிப்பறையின் மீது படிகிறது. அங்குள்ள தோல் மிக மெல்லியது. சிறு கீறலும் புண்ணாகும். கை தவறினால் செவிப்பறையே கிழியலாம்.

காய்ச்சிய எண்ணெயையோ பூண்டுச் சாற்றையோ ஊற்றுவதும், காதில் மெழுகுக் குழல் வைத்து எரிப்பதும், தெருவோரம் காது சுத்தம் செய்பவர்களிடம் காதைக் கொடுப்பதும் கூடா. மெழுகுக் குழல் குறும்பியை உறிஞ்சுவதில்லை, தீக்காயங்களையே விளைவித்துள்ளது.

செய்யத்தக்கவை

தொல்லை ஏதும் இல்லையெனில் காதை அப்படியே விட்டுவிடுவதே சிறந்த பராமரிப்பு. குளித்தபின் வெளிக்காதை மட்டும் துணியால் துடைத்தால் போதும்.

ஒலிக்கருவியைப் பயன்படுத்துவோர் மணிக்கு ஒருமுறையேனும் அதைக் கழற்றிக் காதுக்குக் காற்று படச் செய்யுங்கள். குளித்த ஈரம் உலருமுன் மாட்ட வேண்டாம். மாட்டியபடியே உறங்கவும் வேண்டாம். இரப்பர் முனைகளை வாரம் ஒருமுறை கழற்றி, சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்ந்தபின் பொருத்துங்கள். வலைமுகப்பை உலர்ந்த மென்தூரிகையால் துடையுங்கள். ஒருவர் கருவியை மற்றவர் பயன்படுத்துவதைத் தவிர்த்துவிடுங்கள். பணியின் பொருட்டு நெடுநேரம் அணிய வேண்டியவர்கள், காதுக்கு வெளியே அமரும் ஹெட்போனுக்கு மாறுவது நன்று.

அடைப்பு உறுதியானால், இளக்கும் சொட்டு மருந்தை மூன்று முதல் ஐந்து நாட்கள் இடுமாறு மருத்துவர் கூறக்கூடும். புட்டியைச் சில நிமிடம் உள்ளங்கையில் வைத்து உடல்சூட்டுக்குக் கொண்டுவந்த பின், ஒருக்களித்துப் படுத்துச் சொட்டுகளை விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். மிகவும் குளிர்ந்த மருந்து தலைசுற்றலை உண்டாக்கும். முதல் ஓரிரு நாள் அடைப்பு கூடியது போலத் தோன்றினால் அஞ்ச வேண்டாம். குறும்பி ஊறி உப்புவதே காரணம். அதன்பின் வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சியோ, உறிஞ்சுகுழலாலோ, நுண்கருவியாலோ மருத்துவமனையில் அகற்றுவார்கள்.

செவிப்பறையில் துளை உள்ளவர்கள், காதில் சீழ் வடிபவர்கள், காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் எந்தச் சொட்டு மருந்தும் இடக்கூடாது. நீரிழிவு நோயாளிகள் அதனை முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். அவர்களுக்குக் காதில் ஏற்படும் சிறு தொற்றும் எலும்பு வரை பரவக்கூடும்.

எல்லா அடைப்பும் குறும்பியன்று

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட இரண்டாமவரைப் பற்றிக் கூறுகிறோம். நடுவயதுடைய அவர், காலையில் கண்விழித்தபோது வலக்காது அடைத்திருப்பதை உணர்ந்தார். கூடவே இரைச்சலும் இருந்தது. நாள்தோறும் நடைப்பயிற்சியின்போது இயர்போன் அணிபவராதலால், குறும்பி என்றே முடிவு செய்து, கடையில் சொட்டு மருந்து வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் இட்டுவந்தார். நாங்கள் பார்த்தபோது காதுக்குழாய் தெளிவாக இருந்தது. பாதிக்கப்பட்டிருந்தது உட்செவி. திடீர்க் கேள்திறன் இழப்பு எனப்படும் இந்நோய்க்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் இரு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அக்காலம் கடந்துவிட்டிருந்தது. அவருடைய வலக்காதின் கேள்திறன் இன்றுவரை முழுமையாகத் திரும்பவில்லை.

இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு 'ம்ம்' என்று முனகிப் பாருங்கள். மூடிய காதிலேயே ஒலி உரக்கக் கேட்கும். குறும்பி அடைப்பிலும் இவ்வாறே நிகழும். உட்செவி பழுதுற்றால் ஒலி நல்ல காதின் பக்கம் கேட்கும். இசைக்கவையை நெற்றியில் வைத்து நாங்கள் செய்யும் சோதனையின் அடிப்படை இதுவே. ஆயினும், வீட்டில் முனகிப் பார்த்து நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். ஒரு காது சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கேட்காமல் போனால், அன்றே வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறும்பியாக இருந்தால் நிம்மதியோடு வீடு திரும்பலாம். வேறாக இருந்தால் காதைக் காக்க நேரம் கிடைக்கும். கடும் வலி, சீழ் அல்லது இரத்தக் கசிவு, தலைசுற்றல், முகம் ஒருபுறம் கோணுதல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

உடனிருந்து பேணுவோருக்கு

முதியவர்கள் காது அடைத்திருப்பதைத் தாமாகக் கூறுவதில்லை. தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவர்; கேட்டதற்குத் தொடர்பின்றி விடை சொல்வர்; பேச்சைக் குறைத்துக்கொள்வர். அதை மறதி என்றோ பிடிவாதம் என்றோ கொள்வதற்கு முன், காதை ஒருமுறை பார்க்கச் செய்யுங்கள். காதுகேள் கருவி கீச்சிடத் தொடங்கினாலும் குறும்பித் தேக்கம் காரணமாக இருக்கலாம். பிள்ளைகளைப் பொறுத்தவரை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று கடிந்துகொள்வதற்கு முன், அவர்களுக்கு உண்மையிலேயே கேட்டதா என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தாயார் தம் மகனை அஞ்சியபடியே அழைத்து வந்தார். ஆயினும் காலந்தாழ்த்தாமல் அழைத்து வந்தார். அச்சம் வீணாயிற்று, அவர் வந்தது வீணாகவில்லை.