படமும் சான்றும்: உயிர்மருத்துவ ஆய்வில் டிஜிட்டல் படங்கள்

முன்னுரை

கேட்டதினும் கண்டதை நம்புவது மாந்தர் இயல்பு. உயிர்மருத்துவ ஆய்விலும் ஆய்வாளர் தாம் கண்டதைப் படமாக்கிக் காட்டும்போதே பிறர் அதனைச் சான்றாக ஏற்கின்றனர். அப்படம் இன்று கணிப்பொறியில் உருவாகிறது. எளிதில் உருவாவது எளிதில் மாறவும் கூடும். ஆய்வுப் படத்தில் எம்மாற்றம் தகும், எம்மாற்றம் தகாது, தகாத மாற்றத்தால் விளையும் கேடு யாது என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

எண்களால் ஆன படம்

1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்னும் அறிஞர் தம் கைக்குழந்தையின் நிழற்படம் ஒன்றைக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். அது 176 வரிசைகளும், வரிசைக்கு 176 புள்ளிகளும் கொண்டது. இத்தகைய புள்ளியைப் பிக்சல் என்பர். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் பெரும்பாலும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாகும். 0 என்பது முழுக் கருமை. 255 முழு வெண்மை. இடைப்பட்டவை சாம்பல் நிறத்தின் படிகள். எனவே, நுண்ணோக்கியின்கீழ் நாம் காணும் உயிரணு கணிப்பொறியில் எண்களின் அட்டவணையாகவே நிற்கிறது. எண் மாறின் படமும் மாறும். 1990இல் ஃபோட்டோஷாப் மென்பொருள் வெளிவந்தது. இருட்டறையில் கைதேர்ந்தோர் மட்டுமே செய்துவந்த மாற்றங்கள் அதன்பின் பலருக்கும் எளிதாயின.

தகுவதும் தகாததும்

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். உயிரணுக்களில் குறிப்பிட்ட புரதம் உள்ளதா என அறிய 'வெஸ்டர்ன் பிளாட்' என்னும் முறையைக் கையாள்வர். புரதங்களை மின்விசையால் அளவுவாரியாகப் பிரித்து, மெல்லிய சவ்வுக்கு மாற்றுவர். தேடும் புரதம் உள்ள இடத்தில் கரிய பட்டை தோன்றும். பட்டை அடர்ந்திருப்பின் புரதம் மிகுதி, மெலிந்திருப்பின் குறைவு. ஒரு மருந்து பயன் தந்ததா என்பதையே இப்பட்டை முடிவு செய்யக்கூடும். ஆதலின் இப்படம் ஓர் அளவீடாகும்.

படம் முழுவதையும் ஒரே சீராக ஒளிர்வித்தல் தகும். ஆயினும் மெலிந்த பட்டை அதனால் மறைந்துவிடலாகாது. ஒரு பட்டையை மட்டும் கருமையாக்குதலும், வேண்டாத பட்டையை அழித்தலும், வேறொரு சோதனையின் பட்டையைக் கொணர்ந்து ஒட்டுதலும் தகா. அமெரிக்காவில் வெளிவரும் 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' என்னும் ஆய்விதழ் 2002 முதல் தான் ஏற்ற கட்டுரைகளின் படங்களை இந்நோக்கில் ஆராயத் தொடங்கியது. படத்தின் தனியொரு கூற்றை மிகுத்தலும் மறைத்தலும் இடம்பெயர்த்தலும் நீக்கலும் புகுத்தலும் கூடா என்பது அவ்விதழ் வகுத்த நெறி.

நேர்ந்த கேடுகள்

தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக் 2005இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோயாளர்களின் உடலுக்கேற்ற 11 குருத்தணு வழிகளை உருவாக்கியதாக அதில் கூறினார். சியோல் தேசியப் பல்கலைக்கழகம் விசாரித்தபோது, இரண்டு வழிகளைக் கொண்டே பதினொன்றுக்கும் சான்று புனையப்பட்டமை வெளிப்பட்டது. 2006 சனவரியில் அவ்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. முதுகெலும்பு முறிந்து எழ இயலாதிருந்தோர் அச்செய்தியில் வைத்திருந்த நம்பிக்கையை யார் திருப்பித் தர இயலும்?

2006இல் 'நேச்சர்' இதழ், எலிகளின் நினைவிழப்புக்கு ஒரு குறிப்பிட்ட புரதத் திரளைக் காரணமாகக் காட்டிய கட்டுரையை வெளியிட்டது. அல்சைமர் நோய் பற்றிய ஆய்வுகள் பல அதனை மேற்கோள் காட்டின. அதன் படங்களைக் குறித்த ஐயம் 2022இல் பரவலாக வெளிவந்தது. 2024இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட காலம் 18 ஆண்டுகள்.

இவை அரிதாக நேர்வனவோ எனின், அன்று. எலிசபெத் பிக் என்னும் ஆய்வாளர் 20,621 கட்டுரைகளின் படங்களைத் தம் கண்ணாலேயே ஒப்புநோக்கினார். அவரும் உடன் ஆய்வாளர் இருவரும் 2016இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 3.8 கட்டுரைகளில் ஒரே படம் மீண்டும் வருதல் போன்ற குறைகள் இருந்தன. அவற்றுள் கவனக்குறைவால் நேர்ந்தனவும் உண்டு. பாதிக்குக் குறையாதன வேண்டுமென்றே செய்யப்பட்டிருக்கலாம் என்னும் தோற்றம் உடையன.

முடிவுரை

இலக்கியம் பயிலும் நமக்கு இந்நெறி புதியதன்று. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் நல்லாசிரியர் சிதைந்த சொல்லைத் தம் விருப்பப்படி நிரப்பி மறைப்பதில்லை. சிதைவைச் சிதைவென்றே காட்டுவார். பாட வேறுபாட்டை அடிக்குறிப்பில் தருவார். தாம் கண்ட சுவடி எதுவெனவும் கூறுவார். ஆய்வுப் படமும் அத்தகைய மூலமே. செய்த மாற்றத்தை வெளிப்படக் கூறுதலும், கருவி தந்த மூலக் கோப்பைப் பிறர் கேட்கும்போது காட்டுமாறு காத்து வைத்தலும் ஆய்வாளர் கடன். செயற்கை நுண்ணறிவு இல்லாத உயிரணுவையும் படமாகப் படைக்க வல்ல இக்காலத்தில், ஒட்டிய தடத்தைத் தேடிப் பொய்யைக் கண்டறிதல் இயலாது போகலாம். அங்கு மூலக் கோப்பே எஞ்சும் சான்று. நம் கல்லூரியில் அறிவியல் பயிலும் மாணவர், ஆய்வுக்கூடத்தில் முதற்படம் எடுக்கும் நாளிலேயே இப்பழக்கத்தைக் கைக்கொள்வாராக. அப்படத்தை நம்பி மருந்துண்ணப் போகிறவர் அவர் ஒருபோதும் காணாத ஒரு நோயாளியாவார்.