வடிவமைக்கும் முன் சோதித்துப் பழகுங்கள்

விமானம் வடிவமைக்க ஆசைப்படும் இளம் பொறியாளர்கள் பலரும் முதல் வேலையாக வடிவமைப்புப் பிரிவையே தேடுகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் பறப்புச் சோதனைப் பிரிவில் சேருங்கள் என்பேன். அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டான் அப்படித்தான் தொடங்கினார். 1965-இல் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் சோதனைப் பொறியாளர் வேலை. எஃப்-4 போர் விமானம் கட்டுப்பாடிழந்து சுழல்வதை ஆராய்ந்தது அதில் ஒரு பகுதி. இறக்கை தூக்குவிசையை இழப்பதை ‘ஸ்டால்’ என்பார்கள்; சுழற்சி அதிலிருந்துதான் தொடங்கும். அந்த ஆபத்தை அவ்வளவு நெருங்கிப் படித்தவர், தனியார் ஓட்டும் சிறு விமானத்தில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது என்று முனைந்தார். 1974-இல் மொஹாவியில் சொந்த நிறுவனம், 1975-இல் வேரிஈஸி, 1979-இல் லாங்-ஈஸி. இரண்டும் கனார்ட் விமானங்கள்.

கனார்ட் விமானத்தில் வால் இறக்கைக்குப் பதிலாக மூக்கருகே ஒரு சிறு இறக்கை இருக்கும். மூக்கை அளவுமீறித் தூக்கினால் முதலில் அதுதான் தூக்குவிசையை இழக்கும். உடனே மூக்கு தானாகத் தாழ, பெரிய இறக்கை ஸ்டாலுக்குப் போகாமல் தப்பிக்கும். ஆனால் ஈர்ப்பு மையம் வரம்பைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். பெரிய இறக்கையும் ஸ்டாலாகலாம், மீள்வது கடினம். அதனால் முதல் பறப்புக்கு முன் மூன்று சக்கரங்களுக்கடியிலும் எடைக்கருவி வைத்து, எரிபொருள் நிரப்பியும் நிரப்பாமலும் எடை போடுங்கள். கணினி காட்டும் எடையை மட்டும் நம்ப வேண்டாம். ஃபைபர் கிளாஸ் துணியில் எபாக்ஸி தடவும்போது மிகுதி ரெசினை வழித்தெடுக்கும் கை சற்றே சோம்பினாலும் எடை ஏறும், வலிமை ஏறாது. அந்த வேலையைப் பட்டறையில் நின்று நீங்களே செய்து பாருங்கள்.

காற்றுச் சுரங்கம் இல்லையே என்று காத்திருக்காதீர்கள். ருட்டான் தன் முதல் கனார்டான வேரிவிக்கனின் மாதிரியைக் காரின் கூரைமேல் பொருத்தி, ஓட்டிச் சென்று அளவெடுத்தார். இறக்கையில் சிறு நூல் துண்டுகளை ஒட்டிப் பறந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நூல் படிந்து கிடந்தால் காற்று சீராக ஓடுகிறது. துடித்து முன்னோக்கித் திரும்பினால் பிரிந்துவிட்டது.

சோதனையில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதற்கு மழையே சாட்சி. ஆரம்பகால ஈஸி விமானங்களில் முன்னிறக்கை நனைந்ததும் தூக்குவிசை குறைந்து மூக்கு தாழ்ந்தது. விமானி ஸ்டிக்கைப் பின்னிழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அவற்றை உருவாக்கிய மொஹாவியோ பாலைவனம், அங்கே மழையே அபூர்வம். பின்னர் ஜான் ரான்ஸ் வடிவமைத்த வேறு இறக்கை வெட்டுவடிவம் அந்தக் குறையைத் தீர்த்தது.

ஒரு பறப்பில் ஒரே ஒரு மாற்றம் போதும். எதிர்பார்க்கும் எண்ணைப் பறக்கும் முன்பே எழுதுங்கள், இறங்கியதும் கிடைத்த எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

இப்படி விமானம் கட்டிச் சோதிப்பதற்கு நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. 1980-களில் பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகம் லாங்-ஈஸியை ஒட்டி இலகு கனார்ட் ஆய்வு விமானம் ஒன்றைக் கட்டிப் பறக்கவிட்டது. அதே ஆய்வகத்தின் ஃபைபர் கிளாஸ் பயிற்சி விமானமான ஹன்சா 1993-இல் பறந்தது.

வேலைக்கான நேர்முகத் தேர்வில் கனார்டின் நன்மைகளை மட்டும் அடுக்காதீர்கள். பெரிய இறக்கையில் ஃபிளாப் வைத்தால் மூக்கு கீழே அழுந்தும், சிறிய முன்னிறக்கையால் அதைத் தாங்க முடியாது. அதனால் ஃபிளாப் இல்லாமலே இறங்க வேண்டியிருக்கும்; இறங்கும் வேகமும் தேவைப்படும் ஓடுபாதையின் நீளமும் கூடும். இதைக் கேட்கும் முன்பே சொல்லிவிட்டு, உங்கள் சோதனைக் குறிப்பேட்டை மேசையில் திறந்து வையுங்கள்.