பழைய கேரவன் வாங்குமுன்: ஆவணம், வண்டி, பராமரிப்பு

கேரவன் என்னும் சொல் நம்மில் பலருக்குத் திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களின் வாயிலாகவே அறிமுகமாயிற்று. இன்று அது குடும்பச் சுற்றுலாவுக்குரிய வாகனமாகவும் மாறி வருகிறது. கேரளம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளை அறிவித்தன. பணி ஓய்வு பெற்ற தம்பதியரும், நீண்ட பயணங்களை விரும்பும் குடும்பத்தினரும் இத்தகைய வாகனம் வாங்குவது குறித்துக் கிளைகளில் ஆலோசனை கேட்கின்றனர். புதிய கேரவனின் விலை பலருக்கும் எட்டாத உயரத்தில் இருப்பதால், பத்து ஆண்டு ஓடிய பழைய வண்டியின்பால் அவர்களுடைய கவனம் திரும்புவது இயல்பே.

பழைய கேரவன் ஒரே நேரத்தில் வாகனமாகவும் வீடாகவும் விளங்குவது. எஞ்சினுக்கு ஒரு வயது, உள்ளே அமைத்த மரவேலைக்கும் மின்சாரத்துக்கும் வேறொரு வயது, பதிவுச் சான்றுக்கு இன்னொரு வயது. இம்மூன்றையும் தனித்தனியே சோதிக்காமல், பளபளக்கும் வண்ணப்பூச்சைக் கண்டு முன்பணம் கொடுப்பது பெருநட்டத்துக்கு வழி வகுக்கும். ஆகவே, எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்னும் வரிசையில் இக்கட்டுரை அமைகிறது.

முதற்படி: பதிவுச் சான்று

வண்டியைப் பார்க்கச் செல்லுமுன் அதன் ஆர்.சி. புத்தகத்தின் படியைக் கேட்டுப் பெறுங்கள். அதில் வாகன வகை என்னும் இடத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதே முதற்கேள்வி. மோட்டார் கேரவன் அல்லது கேம்பர் வேன் என்று பதிவாகியிருந்தால் நன்று. பயணிகள் வேனாகப் பதிவு செய்யப்பட்டு, பிறகு ஏதோ ஒரு பட்டறையில் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் சமையல் மேடையும் பொருத்தப்பட்ட வண்டி என்றால் எச்சரிக்கை தேவை. உற்பத்தியாளர் அளித்த விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகக் கூறியுள்ளது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. மாற்றத்தைச் செய்தவர் பழைய உரிமையாளராக இருப்பினும், சாலையில் நிறுத்தப்படும்போது விடை கூற வேண்டியவர் புதிய உரிமையாளரே. நம் நாட்டில் மோட்டார் கேரவன்களுக்கென ஏ.ஐ.எஸ்.-124 என்னும் தரவிதி உள்ளது. அதன்படி ஒப்புதல் பெற்றுக் கட்டப்பட்ட வண்டியா என்று விற்பவரிடம் சான்று கேளுங்கள்.

அடுத்து, சொந்தப் பயன்பாட்டு வாகனமா, வாடகை வாகனமா என்று பாருங்கள். சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் சோதனைக்கு உட்படுத்தி ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். வாடகை வாகனத்துக்கோ எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை. பெர்மிட்டும் வரியும் வேறு.

வண்டி வேறு மாநிலத்தில் பதிவானதாயின், அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று படிவம் 28இன் வழியே பெறப்பட வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நம் மாநிலத்தில் வைத்திருக்கும் வாகனத்துக்கு இங்குப் புதிய பதிவு எண் பெற்றாக வேண்டும். சாலை வரியும் இங்குச் செலுத்த வேண்டும். விலை மலிவாகத் தோன்றும் வெளிமாநில வண்டியின் உண்மை விலை இந்த வரியையும் சேர்த்ததே. தலைநகர் தில்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கு நீதிமன்ற உத்தரவுகளின் பேரில் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டும் மாற்றப்பட்டும் வந்துள்ளன. வடநாட்டுப் பயணம் உங்கள் திட்டத்தில் இருந்தால் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்வது அவசியம்.

இரண்டாம் படி: கடன் ஈடும் பெயர் மாற்றமும்

பதிவுச் சான்றில் ஏதேனும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் ஹைப்பாதிகேஷன் என்னும் கடன் ஈட்டுப் பதிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், “கடனை முடித்துவிட்டேன்” என்னும் வாய்மொழி போதாது. கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும், அவர் கையொப்பமிட்ட படிவம் 35உம் கையில் வந்து, பதிவிலிருந்து ஈடு நீங்கிய பின்னரே முழுத் தொகையைக் கொடுங்கள். கடன் இன்னும் நிலுவையில் இருந்தால், நிலுவைத் தொகையை நேரே அந்தக் கடன் கணக்கில் செலுத்தி, எஞ்சியதை மட்டும் விற்பவருக்கு அளிப்பது பாதுகாப்பான முறை. தொகை முழுவதும் வங்கி வழியே செல்லட்டும். ஒரே பரிவர்த்தனைக்கு 2 இலட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது.

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் படிவம் 29, இருவரும் சேர்ந்து படிவம் 30 அளிக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பனை எனில் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இதில் அலட்சியம் விற்பவருக்கும் ஆபத்தே. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. பழைய ஃபாஸ்டேக்கை விற்பவர் முடித்துக்கொள்ள, வாங்குபவர் தம் பெயரில் புதிதாகப் பெற வேண்டும். இல்லையேல் உங்கள் பயணத்தின் சுங்கக் கட்டணம் அவர் கணக்கில் கழியும். நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களை அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்து, விற்பவரே தீர்க்கும்படி கேளுங்கள்.

மூன்றாம் படி: வண்டியைப் பார்வையிடுதல்

கேரவன் ஓடும் நாட்களைவிட நிற்கும் நாட்களே மிகுதி. ஆகவே, கிலோமீட்டர் அளவு குறைவாக இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் ரப்பரும், பேட்டரியும், பிரேக் ஆயிலும் கெடுகின்றன. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன்கள் தேயாமல் இருந்தாலும், பல ஆண்டு கடந்த டயரில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். ஸ்டெப்னியையும் மறவாமல் பாருங்கள்.

கூரையே கேரவனின் மென்மையான இடம். காற்றுப்பதனி, வெளிச்சப் பலகணி, சோலார் தகடு ஆகியவற்றுக்காகத் துளையிட்ட இடங்களில் பூசிய பசை வெயிலில் காய்ந்து விரிசல் விட, மழைநீர் கசிந்து பிளைவுட்டை உளுக்கச் செய்யும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. உட்சுவரின் மூலைகளையும், கட்டிலின் அடிப்பகுதியையும், தரையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ, மக்கிய வாடை வீசினாலோ உள்ளே ஈரம் உள்ளது. இயன்றால் மழை பெய்த மறுநாள் பார்வையிடச் செல்லுங்கள். கடலோர ஊர்களில் இருந்த வண்டி எனில், அடியில் படுத்துச் சேஸிஸின் துருவைப் பார்க்க வேண்டும். அண்மையில் அடித்த கறுப்புப் பூச்சு துருவை மறைப்பதற்காகவும் இருக்கலாம்.

எடையும் முக்கியம். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. அதனுடன் மரவேலை, பேட்டரிகள், ஜெனரேட்டர், பயணிகள் ஆகியவை சேர்ந்தால் பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையை வண்டி தாண்டிவிடக்கூடும். பிரேக்கும் பட்டை ஸ்பிரிங்கும் அந்த எடைக்கே வடிவமைக்கப்பட்டவை. தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி ஓர் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

நான்காம் படி: மின்சாரம், எரிவாயு, ஜெனரேட்டர்

எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறு. வீட்டுப் பகுதிக்கான பேட்டரி வேறாக இருக்க வேண்டும். சில மணி நேரம் ஓய்வில் வைத்த 12 வோல்ட் ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் முழு மின்னேற்றம். 12க்குக் கீழே சென்றால் ஏறத்தாழக் காலி. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி அடங்கும். ஆயுள் குறையாதிருக்கப் பாதியை மட்டுமே செலவிடுவது நல்லது. அந்த 900 வாட்-மணியில் சராசரியாக 40 வாட் இழுக்கும் சிறு குளிர்பெட்டி 22 மணி நேரம் ஓடும்; 1,000 வாட் காற்றுப்பதனியோ ஒரு மணி நேரம்கூட ஓடாது. இதனால்தான் இரவில் குளிர்ச்சி வேண்டுவோர் ஜெனரேட்டரை நாடுகின்றனர்.

இங்குதான் உயிருக்கே ஆபத்து நேர்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து வெளிப்பட்ட கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிப்பதற்குள் மயக்கம் ஆட்கொண்டுவிடும். பழைய வண்டியில் தரைத் துளைகளின் அடைப்புகளும் கதவு ரப்பரும் தளர்ந்திருக்கும் என்பதால் ஆபத்து இன்னும் மிகுதி. ஜெனரேட்டரை இயக்கியபடி உறங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கைக்கு அருகில் பொருத்துங்கள். வண்டி வாங்கிய பின் செய்ய வேண்டிய முதற்செலவு இதுவே.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடிப்பகுதியில் வெளியேறும் துளை இருக்க வேண்டும். ரப்பர் குழாயில் அச்சிட்ட காலத்தைப் பார்த்து, ஐந்து ஆண்டு கடந்ததை மாற்றுங்கள். கசிவைச் சோதிக்கச் சோப்பு நீரைப் பயன்படுத்துங்கள். தீக்குச்சியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: விலையும் கடனும்

பயன்படுத்திய வாகனத்துக்கான கடனில் வண்டியின் வயதே முதன்மையான அளவுகோல். கடன் முடியும்போது வண்டிக்கு எத்தனை வயதாகும் என்பதை வங்கிகள் கணக்கிடுகின்றன. நீங்களும் அவ்வாறே கணக்கிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: 11 ஆண்டு பழைய வண்டிக்கு 6 இலட்சம் ரூபாய் கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று கொள்வோம்.

மூன்று ஆண்டுத் தவணை: மாதம் ஏறத்தாழ ரூ.19,930, மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.1,17,400.

ஐந்து ஆண்டுத் தவணை: மாதம் ஏறத்தாழ ரூ.13,350, மொத்த வட்டி ஏறத்தாழ ரூ.2,00,800.

ஐந்து ஆண்டுத் தவணையில் மாதச் சுமை குறைவதுபோல் தோன்றினாலும், வட்டி 83,000 ரூபாய்க்கு மேல் கூடுகிறது. அத்துடன், வண்டியின் 15 ஆண்டுப் பதிவு நான்காம் ஆண்டின் முடிவில் காலாவதியாகும். புதுப்பிப்புச் சோதனையில் வண்டி தேறாவிடில், ஓடாத வண்டிக்கு ஓராண்டு தவணை கட்ட நேரும். மூன்று ஆண்டுத் தவணை இயலாதெனில், விலை குறைந்த வண்டியைத் தேடுவதே தக்கது.

கையிருப்பு முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். டயர், பேட்டரி, கூரைப் பூச்சு ஆகிய மூன்றும் வாங்கிய முதல் ஆண்டிலேயே செலவு வைக்கக்கூடியவை. பட்டறையில் மதிப்பீடு பெற்று, அத்தொகையைத் தனியே எடுத்து வைத்த பின்னரே பேரத்தில் இறங்குங்கள். அதன்பின் மாதந்தோறும் ஒரு தொகையைத் தொடர் வைப்பில் இட்டுவந்தால் பராமரிப்புச் செலவு சுமையாகத் தோன்றாது.

ஆறாம் படி: காப்பீடு

வாகனம் கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற வாங்குபவர் விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிடில், வண்டிக்கு நேரும் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது அரிது. ஐந்து ஆண்டு கடந்த வாகனத்தின் ஐ.டி.வி. மதிப்பு, காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் ஒப்புக்கொள்ளும் தொகையாகவே அமையும். எனவே கட்டில், குளிர்பெட்டி, சோலார் தகடு, இன்வர்ட்டர் ஆகியவற்றைத் தனியே பட்டியலிட்டு, மதிப்புடன் பாலிசியில் குறிப்பிடச் செய்யுங்கள். குறிப்பிடாத பொருளுக்கு இழப்பீடு கோர இயலாது.

ஆண்டுப் பராமரிப்பு

பருவமழைக்கு முன் கூரைப் பசையைப் பார்த்துப் புதுப்பியுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். மாதம் ஒருமுறையாவது வண்டியை எஞ்சின் நன்கு சூடேறும் வரை ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே இயக்கி அணைப்பது போதாது. பயணம் முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியையும் கழிவுத் தொட்டியையும் காலி செய்து உலர்த்துங்கள். செய்த வேலை, நாள், செலவு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, ரசீதுகளையும் அதிலேயே சேர்த்து வையுங்கள். நாளை நீங்கள் வண்டியை விற்கும்போது, வாங்க வருபவர் கேட்கும் பல கேள்விகளுக்கு அக்குறிப்பேடே விடை தரும்.

வண்டி பிடித்துப்போய், முன்பணம் கொடுக்க எண்ணும் நிலையில் இருப்பின், அதற்கு முன் பதிவுச் சான்றின் படியுடன் உங்கள் கிளைக்கு ஒருமுறை வாருங்கள். கடன் வாங்கும் எண்ணம் இல்லாவிடினும், ஈட்டுப் பதிவையும் பதிவுக் காலத்தையும் படித்துச் சொல்ல அலுவலர்கள் உதவுவார்கள்.